முப்பத்தொரு பக்கத்தில் ஒரு தடவை

ஒன்று. முப்பத்தொரு பக்கம், பட்டியலில் நாற்பத்திரண்டு மேற்கோள்கள், கட்டுரைக்குள் நூற்றுப் பதினெட்டு இடங்களில் யார் யாரையோ பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாள், அதில் என் பேர் ஒரே ஒரு தடவை. கண் தப்பியிருக்கும் என்று முதல் பக்கத்திலிருந்து மறுபடி பென்சிலை ஓட்டினேன். அங்கயற்கண்ணி என்கிற பேர் கண்ணுக்குத் தப்புகிற பேரா, ஒரு வரியில் கால்வாசியை அதுவே அடைத்துக்கொள்ளும். தப்பவில்லை. ஒன்றுதான். மணி இரண்டே முக்கால். எதிரே பி.காம் பிள்ளைகள் முப்பத்தாறு பேர் குனிந்து எழுதிக்கொண்டிருக்கிறார்கள், இரண்டு மணிக்கு ஆரம்பித்த பரீட்சை, ஐந்து வரைக்கும் நான்தான் இந்த ஹாலுக்குக் காவல். மேற்பார்வைக்கு வருகிறவர்கள் ஹாலில் எதையும் படிக்கக் கூடாது என்று சுற்றறிக்கை வாசலிலேயே ஒட்டியிருக்கிறது, அதனால் மதிப்பீட்டுக்கு வந்த கட்டுரையை வருகைத் தாளுக்கு அடியில் செருகி வைத்திருக்கிறேன். யாராவது வந்து கேட்டால் சொல்லிக்கொள்ளலாம், நான் படிக்கவில்லை சார், எண்ணுகிறேன். பொய்யும் இல்லை அது. காலையிலிருந்து எண்ணத்தான் செய்கிறேன். மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண் அடிஷனல் ஷீட் கேட்டுக் கையைத் தூக்குகிறாள், அதற்குள் அடிஷனல் ஷீட்டா, என்னத்தைத்தான் எழுதுமோ. எழுந்து போய்க் கொடுத்து, எண்ணைக் குறித்து, கையெழுத்துப் போட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தால் அந்த ஒன்று அங்கேயே என்னைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறது.

இந்த எண்ணுகிற புத்தி எனக்குப் புதுசு இல்லை. மேற்கோள் அடர்த்தி என்று நானே அதற்குப் பேர் வைத்து, நம் துறைக் கட்டுரைகளில் நாற்பதை எடுத்து அலசி, துறைக் கூட்டத்தில் பேசியும் இருக்கிறேன். கல்யாணப் பத்திரிகையில் எல்லார் பேரும்தான் அச்சடிக்கிறார்கள், பந்தியில் யாரை இழுத்து உட்கார வைக்கிறார்கள் என்றுதானே பார்க்க வேண்டும் என்றேன், எல்லாரும் சிரித்தார்கள். பட்டியலில் இருப்பது வேறு, பேச்சில் வருவது வேறு. ஒருத்தரைப் பட்டியலில் போட்டுவிட்டு உள்ளே எத்தனை தடவை கூப்பிடுகிறோம், அதில்தான் உண்மை இருக்கிறது. இந்தக் கட்டுரையில் சராசரியாக ஆளுக்கு இரண்டே முக்கால் தடவைக்குக் கொஞ்சம் மேலே வருகிறது. கிருபாகரன் பதினாலு தடவை வருகிறான். பதினாலு! நான் எழுதின முறையை எடுத்து எட்டு வருஷம் கழித்து நீட்டிச் செய்தவன் அவன், எனக்கு ஒரு வருஷம் ஜூனியர், டெல்லியில் ஒரு கூட்டத்தில் தட்டோடு பக்கத்தில் வந்து, அக்கா உங்க பேப்பரைப் பார்த்துத்தான் நானே ஆரம்பிச்சேன் என்று சொன்னவன். அவனுக்குப் பதினாலு, அவன் பார்த்து ஆரம்பித்தவளுக்கு ஒன்று. வயிறு எரிகிறது. ஐம்பத்திரண்டு வயசில், மூட்டுவலித் தைலம் பூசின முழங்காலோடு, பரீட்சை ஹாலில் உட்கார்ந்துகொண்டு எனக்கு வயிறு எரிகிறது. நாகரிகமாக வேறு பேர் வைக்கலாம், கல்வி நேர்மை, முன்னோடிகளுக்கு உரிய மரியாதை என்றெல்லாம். பொறாமைதான், வேறென்ன.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால் எழுதியவள் யாரென்று எனக்குத் தெரியவே கூடாது. பத்திரிகைக்காரர்கள் முதல் பக்கத்தில் பேரை எடுத்துவிட்டுத்தான் மதிப்பீட்டுக்கு அனுப்பினார்கள். பேரை எடுத்தால் ஆள் போய்விடுமா. சாயல்குடிப் பக்கத்துக் கிராமங்கள், கரிமூட்டம் போட்டு விறகுக்கரி எடுக்கப் போகிற பெண்கள், மாசத்தில் எத்தனை நாள் வேலை என்கிற கேள்வி, இரண்டாம் பக்கத்திலேயே என் கூடப் படித்த எஸ்தர் பொன்மணி வந்து சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். எழுதினவரைத் தெரிந்தால் விலகிக்கொள்ளுங்கள் என்று அந்த மெயிலின் கடைசியில் தெளிவாகவே இருந்தது. தெரிந்ததனால்தான் மதிப்பிட ஒத்துக்கொண்டேன். பார்க்கணும், அவ்வளவுதான். என்னை என்ன சொல்லியிருக்கிறாள் என்று பார்க்கணும். போன கிறிஸ்துமஸுக்கு அவளே வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தாள், ஒரு பெரிய பத்திரிகைக்கு அனுப்பியிருக்கேன், இது மட்டும் வந்துட்டா ரிட்டயர் ஆகறதுக்குள்ள பேராசிரியர் நேர்காணலுக்கு உட்கார்ந்துருவேன், இல்லன்னா இப்படியே போக வேண்டியதுதான், ஜெபம் பண்ணிக்கோ என்று. நானும் கைகூப்புகிற படம் ஒன்றை அனுப்பினேன். இப்போது அந்த ஜெபம் என் பென்சில் முனையில் வந்து நிற்கிறது. முதல் மதிப்பீட்டாளர் சரி என்றுவிட்டாராம், உங்கள் பதிலுக்காக மட்டும் காத்திருக்கிறோம், இன்று மாலை ஆறு மணிக்குள் என்று இரண்டு நினைவூட்டல் வந்துவிட்டது. நான் வேண்டாம் என்றால் வராது. அவள் நேர்காணலும் போச்சு.

வேண்டாம் என்று சொல்லக் காரணமா இல்லை. கேள்வித்தாள் உறையின் பின்பக்கத்தில் ஒரு வாக்கியம் எழுதியே வைத்துவிட்டேன். இத்துறையின் முன்னோடி ஆய்வுகளுக்குக் கட்டுரையாளர் உரிய இடம் தரவில்லை. எப்படிக் கம்பீரமாக இருக்கிறது பாருங்கள், என் பேரே இல்லாமல் நான் முழுக்க இருக்கிறேன். கண்ணாடி போட்ட பையன் வாட்ச்சைப் பார்க்கிறான், என்னைப் பார்க்கிறான், மறுபடி குனிகிறான். எஸ்தர் மேல் எனக்கு வயிற்றெரிச்சல் இன்றைக்கு வந்ததும் இல்லை. இரண்டாயிரத்தில் இரண்டு பேரும் ஒரே கைடிடம் பிஎச்.டி பண்ணினோம், ஒரே கேள்வித்தாள் கட்டைத் தூக்கிக்கொண்டு ஒரே பஸ்ஸில் சாயல்குடி போனோம். நான் வாசலில் நின்று வரிசையாகக் கேள்வி கேட்பேன், பதில் ஒற்றை வார்த்தையில் வரும். அவள் போனால் பாய் வரும், தண்ணீர் வரும், மருமகளோடு போட்ட சண்டை வரும், கூடவே பதிலும் வரும். கைடு ஒருநாள் எல்லார் முன்னாலும், எஸ்தர் கேட்டா பதில் வருது, நீ கேட்டா கணக்குத்தான் வருது என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். இருபத்து நாலு வருஷமாக எனக்கு அது ஆறவில்லை. கணக்காவது எனக்கு வந்ததே என்று அன்றைக்கு ராத்திரி தலையணையிடம் சொல்லிக்கொண்டேன், பார்த்தால் அதுவும் எனக்கு வரவில்லை. எத்தனை நாள் வேலை என்று கேட்டால் பத்து, பதினைந்து, இருபது, இருபத்தைந்து, எல்லாரும் ரவுண்டாகவே சொன்னார்கள், படம் போட்டுப் பார்த்தால் சீப்புக்குப் பல் முளைத்த மாதிரி அந்த நாலு இடத்தில் மட்டும் உயர்ந்து நிற்கும், நடுவில் ஆளே இல்லை. பொய் சொல்கிறார்கள், இந்தத் தகவலை வைத்து ஒன்றும் பண்ண முடியாது என்று நான் பஸ் ஸ்டாப்பில் நின்று புலம்பினேன். நடு மத்தியானம். நிழலே கிடையாது. எஸ்தர் கருப்பட்டி மிட்டாயைக் கடித்துக்கொண்டே சொன்னாள். "ஏட்டி, அவங்க பொய் சொல்லல. இருபதுங்கறது ஒரு நம்பர் இல்ல, ஒரு அகலம். பதினெட்டுல இருந்து இருபத்திரெண்டுக்குள்ள எங்கயோ இருக்கேன்னு சொல்லுதா. இருபத்தொண்ணுன்னு சொல்லுதா பாரு, அவதான் ஒரே இடத்துல நிக்கா. ரெண்டு பேரையும் ஒரே மாதிரி எண்ணாத."

நான்தான் எழுதிக்கொண்டேன், கேள்வித்தாளின் பின்பக்கத்தில், என் பென்சிலால், என் கையெழுத்தில். இதை எத்தனை தடவை எனக்கு நானே சொல்லியிருக்கிறேன், என் கையெழுத்தில்தான் இருந்தது. அவள் மிட்டாய்க் காகிதத்தைக் கசக்கிப் பையில் போட்டுக்கொண்டு பஸ் வருகிறதா என்று பார்க்கப் போய்விட்டாள். பேச்சுக்கும் கட்டுரைக்கும் நடுவில் எத்தனை ராத்திரி இருக்கிறது, எத்தனை சமன்பாடு இருக்கிறது, அதெல்லாம் யார் போட்டது. நான் போட்டது. அவள் கல்யாணம் ஆகி, பிள்ளை உண்டாகி, பிரசவத்துக்கு நாசரேத்துக்குப் போய், இரண்டு வருஷம் திரும்பவே இல்லை. இரண்டாயிரத்து மூன்றில் என் கட்டுரை வந்தது. அதை வைத்து எனக்கு வேலை, அதை வைத்துப் பேராசிரியர் பதவி, இன்றைக்குக் காலையில் காப்பி போடுவதற்கு முன்னால் போனில் பார்த்தேன், இதுவரை இருநூற்றுப் பன்னிரண்டு கட்டுரைகள் அதை மேற்கோள் காட்டியிருக்கின்றன. தினமும் பார்க்கிறேன். ஏறியிருந்தால் காப்பி ருசிக்கும். இருநூற்றுப் பன்னிரண்டு பேர் சொல்லியும் ஆறாமல் இந்த ஒருத்தி ஒரு தடவைதான் சொன்னாள் என்று கொதிக்கிறதே, இது என்ன மனசு. சரி, நீ அவளை எத்தனை தடவை சொன்னாய் என்று யாராவது கேட்டால். யாரும் கேட்கவில்லை, நானேதான் கேட்டுக்கொண்டேன், கேட்டதும் சட்டென்று எழுந்து ஹாலை ஒரு சுற்றுச் சுற்றினேன். என் செருப்புச் சத்தத்துக்குப் பிள்ளைகள் தாளை மறைத்துக்கொள்கிறார்கள், நான் பார்த்துவிடுவேன் என்று.

என் கட்டுரை இருபத்து நாலு பக்கம், இருபத்தொன்பது மேற்கோள்கள். அடர்த்தி பார்க்கத் தாள் வேண்டாம், மனப்பாடம். பட்டியலில் பதினேழாவது, பொன்மணி, எஸ்தர், களக் குறிப்புகள், அச்சிடப்படாதது. உள்ளே அவள் வருவது எத்தனை தடவை. முதலில் ஒரு தடவை வந்தாள். மூன்றாம் பகுதியில் ஒரு வாக்கியம் இருந்தது, இந்த எண்ணம் பொன்மணியுடன் களத்தில் பேசியபோது அவர் சொன்னது என்று. அரைப் பக்கம் குறைக்கச் சொன்னார்கள், குறைத்தேன், அதோடு அந்த வாக்கியமும் போனது. இடம் போதவில்லை. உண்மையிலேயே இடம் போதவில்லை. ஆனால் அச்சுக்கு முன்னால் திருத்தப் பிரதி தபாலில் வந்தபோது பதினேழாவது எண்ணுக்குப் பக்கத்தில் எவரோ புண்ணியவான் பென்சிலால் கேள்விக்குறி போட்டு எழுதியிருந்தார், இது கட்டுரைக்குள் எங்கும் வரவில்லை, சேர்ப்பதா நீக்குவதா என்று. சேர்க்க ஒரு வரி போதும். அதற்கு இடம் இருந்தது. நீக்கினால் யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று பயம். சேர்த்தால் இது யாருடையது என்று பளிச்சென்று தெரிந்துவிடும் என்று அதைவிடப் பயம். நான் அந்தக் கேள்விக்குறிக்குப் பக்கத்தில் எழுதினேன், அப்படியே இருக்கட்டும். மறதி இல்லை. இடப்பற்றாக்குறை இல்லை. பட்டியலில் இருப்பாள், பேச்சில் வரமாட்டாள். பூஜ்யம். மேற்கோள் அடர்த்தி என்று பின்னாளில் ஊருக்கு உபதேசம் பண்ணினேனே, அந்த அளவுகோலை நான் எங்கே கற்றுக்கொண்டேன் என்று நினைத்தீர்கள்.

"மேடம், எத்தனை நிமிஷம் இருக்கு?" என்று மூன்றாவது பெஞ்சுப் பெண் கேட்கிறாள். இருபது நிமிஷம் என்றேன். சொன்னபிறகுதான் சுவரில் பார்த்தேன், நாலு முப்பத்தெட்டு. இருபத்திரண்டு நிமிஷம் இருக்கிறது. நான் ஏன் இருபது என்றேன். பொய்யா சொன்னேன், இல்லை, எனக்குச் சரியாகத் தெரியவில்லை, அதனால் ரவுண்டாகச் சொன்னேன். இருபத்தொரு வருஷமாக என் கட்டுரையைப் பற்றிக் கேட்டவர்களுக்கெல்லாம் நான் சொன்ன பதிலும் இப்படித்தானோ, நாங்க ரெண்டு பேரும் களத்துல பேசிக்கிட்டிருந்தப்போ வந்துச்சு என்று, அதற்குள் எங்கேயோ உண்மை இருக்கும்படி ஓர் அகலம் வைத்து. எஸ்தரிடம் அந்த அகலம் செல்லவில்லை. கட்டுரை வந்ததும் ஒரு பிரதியை நாசரேத்துக்குத் தபாலில் அனுப்பினேன், பெருந்தன்மையாக, பட்டியலில் உன் பேர் இருக்கிறது என்று ஒரு சீட்டும் வைத்து. ஒரு மாசம் கழித்து இன்லண்ட் லெட்டர் வந்தது. பிள்ளைக்குப் பல் முளைக்கிறது, ராத்திரியெல்லாம் தூக்கம் இல்லை, கட்டுரை நன்றாக வந்திருக்கிறது என்று எழுதிவிட்டுக் கடைசியில் இரண்டு வரி. "பட்டியல்ல என் பேர் பார்த்தேன், சந்தோஷம். உள்ளே தேடினேன், கிடைக்கல. எந்தப் பக்கம்?" அவ்வளவுதான். திட்டவில்லை, கேட்டாள். நான் பதில் போடவில்லை. பொங்கலுக்கு வாழ்த்து அட்டை அனுப்பினேன், அவளும் கிறிஸ்துமஸுக்கு அனுப்பினாள், அப்புறம் போன் வந்தது, வாட்ஸ்அப் வந்தது, வாழ்த்து போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்கிறது, அந்தக் கேள்விக்கு மட்டும் இரண்டு பேரும் திரும்பவே இல்லை. கைப்பிள்ளைக்காரி, தூக்கம் இல்லாத ராத்திரியில், இருபத்து நாலு பக்கத்தையும் விரலை வைத்துத் தேடியிருக்கிறாள். எண்ணியிருக்கிறாள். எனக்கு முன்னாலேயே.

அப்படியென்றால் இந்த ஒன்று பழிக்குப் பழியா. இருக்காதே, பழி என்றால் பூஜ்யம் அல்லவா போட்டிருக்க வேண்டும். பட்டியலில் மட்டும் வைத்துவிட்டு உள்ளே கூப்பிடாமல் விட்டிருந்தால் கணக்கு நேராகியிருக்கும், நானும் வாயைத் திறக்க முடியாது. ஒன்று ஏன். பதினோராம் பக்கம், கடைசிப் பத்தி, முதல் வாக்கியம். காலையிலிருந்து அந்தப் பேருக்கு மேல் கோடு போட்டிருக்கிறேனே தவிர, அந்த வாக்கியத்தை நான் படிக்கவில்லை. முப்பத்தொரு பக்கத்தில் ஒரு வாக்கியத்தையும் நான் முழுசாகப் படிக்கவில்லை, எண்ணினேன். சுற்றறிக்கையும் சுவரும் பார்த்துக்கொண்டிருக்க, வருகைத் தாளை ஒதுக்கி வைத்துவிட்டுப் படித்தேன். ரவுண்டான எண்ணை ஓர் அகலமாகக் கொள்ளும் இந்த முறையை முதன்முதலில் அச்சில் வெளியிட்டவர் அங்கயற்கண்ணி (2003). இவ்வளவுதான். கிருபாகரன் பதினாலு இடத்திலும் காட்டினார், நிறுவினார், விரிவாக்கினார். நான் ஒரே இடத்தில், அச்சில் வெளியிட்டவர். கண்டவர் இல்லை. யோசித்தவர் இல்லை. வேறு யார் படித்தாலும் முதல் ஆள் என்று எனக்குக் கிரீடம் வைத்திருக்கிறாள் என்றுதான் நினைப்பார்கள். ஒரு சொல்கூடப் பொய் இல்லை, ஒரு சொல்கூட மிகை இல்லை. இத்தனைக்கும் நான்தான் மதிப்பிடப் போகிறேன் என்று அவளுக்குத் தெரியாது, எனக்குக் குத்த வேண்டும் என்று எழுதினதில்லை இது, எழுதும்போது கைக்கு வந்தது. இருபது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம், இருபத்தொன்று என்று சொல்லியிருக்கிறாள். எஸ்தர் மேலிருந்த பொறாமை இறங்கிவிட்டதா என்று பார்த்தேன். எங்கே. ஏறித்தான் இருக்கிறது. இந்த வாக்கியத்தை என்னால் எழுதியிருக்க முடியாது.

மணி அடித்தது. எழுதினது போதும், நூலைக் கட்டுங்கள் என்று ஒவ்வொரு பெஞ்சாகப் போய் வாங்கினேன், மூன்றாவது பெஞ்சுப் பெண் கடைசி வரியை நின்றுகொண்டே எழுதினாள், இரண்டு நிமிஷம் விட்டேன், அவளுக்கு நான் தர வேண்டிய இரண்டு நிமிஷம்தான் அது. முப்பத்தாறு தாளையும் எண்ணிக் கட்டி அலுவலகத்தில் கொடுத்துவிட்டு, உறையின் பின்பக்கத்தில் எழுதின கம்பீரமான வாக்கியத்தைக் கிழித்து நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டேன். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து போனில் படிவத்தைத் திறந்தேன், ஐந்து நாற்பது. ஏற்கலாம், திருத்தி அனுப்பட்டும், நிராகரிக்கலாம். ஏற்கலாம் என்பதைத் தொட்டேன். அதற்குக் கீழே ஒரு பெட்டி, கட்டுரையாளருக்கு ஏதேனும் குறிப்பு. கிருபாகரன் பதினாலு முறை வருவது சற்று அதிகம் என்று விரல் பாட்டுக்கு அடித்துவிட்டது, ஓர் எழுத்து விடாமல் அழித்தேன். பெட்டி காலியாகவே போகலாம், யாரும் கேட்கப் போவதில்லை, நான் யாரென்றும் அவளுக்குத் தெரியாமலே போய்விடும். ஆனால் அவள் எந்தப் பக்கம் என்று கேட்டிருந்தாள். அந்த வாக்கியத்தைச் சரியென்று சொல்லக்கூடியவள் அவளைத் தவிர்த்து உலகத்தில் ஒருத்திதான், படித்த உடனே ஆள் தெரிந்துவிடும். தெரியட்டும் என்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அடித்தேன். பக்கம் பதினொன்று, கடைசிப் பத்தி, முதல் வாக்கியம். சரிபார்த்தேன், சரி. அப்படியே இருக்கட்டும்.